கடைசிக் காட்சியில் ஒரு லாரி

படத்தில் என் முகம் இல்லை.
இரண்டு விளக்குகள், ஒரு கதவு, ஒரு கை.
அந்தக் கை என்னுடையது.
அதற்கு நாலாயிரம் ரூபிள் கொடுத்தார்கள்,
டீசல் தனி.

எண்பது நிமிடம் ஓடுகிறாள் அந்தப் பெண்
லார்ச் மரங்களுக்கு இடையே.
கூட வந்த நால்வரையும் காடு எடுத்துக்கொண்டது.
எப்படி என்று இயக்குநருக்கே தெரியாது.
மரத்தூரில் பால் மாதிரி எதையோ ஊற்றி
"இது பயமுறுத்தும்" என்றார்.
எங்கள் ஊர்க் கிளப்பில் அதற்குச் சிரித்தார்கள்.
கொம்பு முளைத்த நிழலுக்கும் சிரித்தார்கள்.
துலுஸ்தான் மட்டும் கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டான்.
அவனுக்கு ஆறு வயது.

பிறகு அவள் கரைக்கு வருகிறாள்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
நல்ல இருட்டு. தூரத்தில் வெளிச்சம்.
மாஸ்கோவில் இந்த இடத்தில் கை தட்டினார்களாம்,
பிழைத்துவிட்டாள் என்று.

இங்கே சிரிப்பு நின்றது.

ஒலி சேர்க்கிறவர் யாரோ,
இந்திகிர்காவைக் கண்ணால் பார்க்காதவர்,
அழகுக்காக ஒரு சத்தம் வைத்திருந்தார்:
ஆறு ஓடுகிற சத்தம்.

நாங்கள் எடுத்தது போன வருடம் மார்ச்சில்.
கட்டி ஓர் ஆள் உயரம்.
அப்போது ஆறுதான் எங்களுக்குச் சாலை.
மே கடைசியில் அது வெடித்துக் கிளம்பிய பின்
டிசம்பர் வரை
இந்தப் பக்கம் ஒரு சக்கரமும் வராது.
இது துலுஸ்தானுக்கும் தெரியும்.

ஓடுகிற தண்ணீர்மேல்
என் லாரி வந்துகொண்டிருந்தது
நிதானமாக, இரண்டாம் கியரில்.

நூற்றிருபது பேரில் ஓர் இருமல்கூட இல்லை.
தபால்கார செமியோன் தொப்பியைக் கழற்றினான்.
என் மனைவி என் கையைப் பிடித்தாள்,
பிடித்ததும் விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்.
புதுக் கையுறை வேண்டாம் என்றார்கள் அன்று,
உழைத்துத் தேய்ந்ததாக இருக்கட்டும் என்று.
குன்னேயிடம் கேட்டு வாங்கி வந்தேன்.
கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல்.
அவள் கணவன் பியோத்தூருடையது,
அவன் வீட்டில் மறந்து வைத்துப் போனது.

ஏப்ரல் இருபத்தொன்று.
கடைசி நடை, போய்விட்டு வந்துவிடலாம் என்றான்.
அவனுக்குப் பின்னால் வந்த லாரி நான்.
ஓட்டைக்குள் எல்லாம் போன பிறகும்
விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன,
கட்டிக்கு அடியில், மஞ்சளாக,
பதினொரு நிமிடம்.
கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர
வேறு என்ன செய்தேன் என்று நினைவில்லை.

திரையில் கதவு திறந்தது.
சிவப்புத் தையல் சுவர் அகலத்துக்கு நீண்டு
'ஏறு' என்றது.
பெண் ஏறினாள்.
கதவு சாத்தும் சத்தம். கறுப்பு.
பெயர்கள் மேலே போகத் தொடங்கின,
என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.

குன்னேய் கடைசிப் பெயர்வரை உட்கார்ந்திருந்தாள்.
வெளியே இரவு பதினொன்றுக்கும் வெயில், கொசு.
நேரே என்னிடம் வந்தாள்.
"நிறுத்தி ஏற்றிக்கொண்டான், பார்த்தாயா?
அவன் யாரையும் வழியில் விட்டுவிட்டு வரமாட்டான்."

ஒரு வருடமாக வண்டியிலேயே கிடந்த கையுறைகளை
எடுத்துவந்து கொடுத்தேன்.
வலதை முகர்ந்து பார்த்தாள். டீசல்.
சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.
இடதைத் திருப்பித் தந்து,
"டிசம்பரில் உனக்கு வேண்டியிருக்கும்" என்றாள்,
கொசுவை அடித்தபடி.