மூன்று பல்

வெள்ளித்தலை எஞ்சினுக்குக்
கறுப்புத்தலையின் தொண்டை பொருந்தும் என்றான் அஸ்மீர்,
கம்பளையில், பழைய சாமான் கடையில்,
யாரோ ஒருவரின் பம்பர்மேல் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு.
இதன் வாய் நாற்பத்து மூன்று.
அதன் வாய் நாற்பத்தைந்து.
இரண்டு மில்லிமீட்டர் அதிகம்,
முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.
பாதி என்னுடையது. மீதி ஜெசிந்தாவின் போனஸ்,
காரும் அப்படித்தான், பாதி பாதி.

ஒரே கம்பனி, ஒரே லெவின்,
நாலு வருஷ இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி.
ஆனாலும் மூன்று துளை நேராக நின்றது;
நாலாவது,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனாட்டம்
ஓரமாய் விலகி நின்றது.
இரண்டு ராத்திரி அரம் போட்டேன்.
சோற்றுத் தட்டிலும் அலுமினியத் தூள் மின்னியது.

எனக்குக் காற்றைத் தெரியும்.
ஸ்டோரில் பதினொரு வருஷமாக
வாட்டும் தட்டுகளுக்கு விசிறி பார்க்கிறேன்.
ஈரக் கொழுந்துக்குள்ளால் ஏறிவரும் வாசனையை வைத்தே
எவ்வளவு ஏறுகிறது என்று சொல்வேன்.
கூடினால் நுனி கருகும்,
குறைந்தால் அடி புளிக்கும்.
காற்றுக்கு எடை உண்டு என்றால்
லயத்தில் சிரிக்கிறார்கள்.
டீமேக்கர் மட்டும் சிரிப்பதில்லை.

காரிலும் அதே கணக்கு.
கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கதவு,
காற்று தள்ளத் தள்ளத் திறக்கும்,
திறந்த அளவுக்குப் பெற்றோல்.
கறுப்புத்தலையில் இந்தக் கதவே கிடையாது,
அது உறிஞ்சலை அளக்கிற சாதி, வேறு பாஷை,
அதன் மூளை என் கையில் இல்லை.
ஆகவே
புதுத் தொண்டை, பழைய கதவு.

கோட்டகலையில் முதல் நாள்
நனைந்த விறகாய்ப் புகைந்தது.
இங்கே காற்று மெலிசு,
கதவுக்கு அது தெரியாது.
கடலோரத்தில் எண்ணப் பழகிய கதவு.
மூடியைப் பெயர்த்தால்
ஒரு சுருள், ஒரு பல்சக்கரம்.
ஒரு பல் இறுக்கினேன்: இருமல்.
இன்னொன்று: இருமல் குறைந்தது.
மூன்றாவது பல்லில்
சென்கிளயார் வளைவில்
நாலு வாயும் ஒன்றாய்த் திறந்து கத்தியது,
தண்ணீர் வராத நாளில்
பீலியடியில் வாளிச் சண்டை மாதிரி.
ஜெசிந்தா ஸ்டியரிங்கை அடித்து அடித்துச் சிரித்தாள்.
தீபாவளி அட்வான்ஸுக்குக்கூட
அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினோம்.
கினிகத்தேனை தாண்ட
காது அடைத்துத் திறந்தது.
சுவெட்டரைக் கழற்றினோம்.
அதற்குள் எஞ்சினில்
டின்னுக்குள் கூழாங்கல் குலுக்குகிற சத்தம்,
சூட்டு முள் மெல்ல மெல்ல ஏறியது.
“மேலே நல்லாத்தானே இருந்திச்சு?” என்றாள்.
நான் பதில் சொல்லவில்லை.
மேலே நல்லாத்தான் இருந்தது.

கித்துள்கலையில் ஒரு பலாப்பழக் கடை ஓரம்.
பொனெட்டைத் தூக்கினால் முகத்தில் அனல்.
நானே ஒட்டிய சிலிக்கனை நகத்தால் பெயர்க்க முடியாமல் நிற்க,
கடைக்காரர் “மல்லி” என்று கூப்பிட்டு
சுளை வெட்டிய கத்தியை நீட்டினார்.
ஜெசிந்தா போன் வெளிச்சம் பிடித்தாள்.
காற்று இங்கே கனம்,
வரும் கனத்துக்கு என் கதவு போதுமாகத் திறக்கவில்லை,
எஞ்சின் பசியோடு ஓடி வந்திருக்கிறது
இவ்வளவு தூரமும்.
ஒரு பல் தளர்த்தினேன். இரண்டு.
மூன்றாவதை எண்ணும்போது பஸ் ஹோர்ன்,
எண்ணினேனா இல்லையா தெரியாது.
கூழாங்கல் நின்றது.

அவள் பேனையை எடுத்து
பொனெட்டின் உட்பக்கம் எழுதினாள்:
கோட்டகலை மூன்று.
கித்துள்கல, ஒரு கேள்விக்குறி.
கொழும்பு என்று எழுதி
பக்கத்தில் ஒன்றும் போடவில்லை.
திரும்பி ஏறும்போது மறுபடி இறுக்க வேண்டும்,
எங்கே நிறுத்தி என்றுதான் யோசித்தேன்.
வட்டவளையிலா, அதற்கு முன்பா.

கத்தியைத் துடைத்துக் கொடுத்தேன்.
பலாப்பால் விரலில் ஒட்டியது
புதன்கிழமை வரை போகவில்லை.