பதினெட்டாவது ஸ்லைடு

ஷேர் ஆட்டோவில் என் மடியில் புரொஜெக்டர்,
பக்கத்து அம்மாவின் மடியில் மீன் கூடை.
இரண்டில் எது சொட்டுமோ என்று
காசிமேடு வரும்வரை டிரைவர்
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சிங்காரவேலன் நகர் சமுதாயக் கூடம்.
வெள்ளைச் சுவர் கேட்டிருந்தேன், பச்சை கிடைத்தது.
பச்சையின் மேல் விழுந்து
கம்பெனியின் நீலம் பாசியாகிவிட்டது.

முதல் படம் மீன்.
ஏதோ குளிர்நாட்டு ஆற்றில் துள்ளும்
ரோஜா வயிற்று மீன்.
"இன்னா மீனு இது?"
காலா என்றாள் ஒருத்தி.
"காலாவுக்கு ஏது இந்த மூஞ்சி" என்றாள் டெல்பினா.
கால் மணி நேரம் அதே வழக்கு.
ஐஸ் பெட்டியைப் பற்றி
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஏழாவது படத்தில் ஒரு கோடு.
சிவப்பு. இடப்பக்கம் உயர்ந்து
வலப்பக்கம் மெல்லச் சரியும்.
பன்னிரண்டு மணி நேரத்தில் மிஞ்சும் ஐஸ் என்று
நான் தொடங்குவதற்குள்
அஞ்சலாட்சி எழுந்து நின்றாள்:
"வெல எறங்குதுன்னு சொல்றதுக்கு
இம்மாம் பெரிய மிஷினா?
அத்த தான் நாங்க தெனமும் பாக்குறமே."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.
அவள் தப்பாகப் படிக்கவில்லை.
காலையில் தொள்ளாயிரத்துக்கு நின்ற வஞ்சிரம்
வெயில் ஏற ஏற
அதே சாய்வில்தான் இறங்குகிறது.
அச்சுகளுக்குப் பெயர் எழுதாதது நான்.

அடுத்த வியாழன் புரொஜெக்டர் வீட்டிலேயே இருந்தது.
கொண்டுபோனது எங்கள் பெட்டி ஒன்று;
பக்கத்தில் அவர்களுடைய ஓரம் உதிர்ந்த தெர்மாகோல்.
விடிகாலை ஏலத்தில் எடுத்த சங்கரா
இதில் ஆறு, அதில் ஆறு.
ஐஸையும் அஞ்சலாட்சியே நிறுத்துப் போட்டு
வலை நூலால் இரண்டையும் கட்டினாள்.
"எம் முடிச்சு. எவளும் அவுக்க முடியாது."

பிறகு ஒன்பது மணி நேரம்
நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
எந்தப் பயிற்சி வகுப்பிலும்
இதைச் சொல்லித் தரவில்லை.
டீ வந்தது. மீண்டும் டீ வந்தது.
மூடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்,
யாரும் கவனிக்காதபோது.

இரண்டு மணிக்கு முடிச்சு அவிழ்ந்தது.
தெர்மாகோலில் கலங்கிய தண்ணீர்,
பால் படிந்த கண்கள்.
எங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச்
செவுளை நீக்கிச் சிவப்பைப் பார்த்தாள்.
முதுகில் கட்டைவிரலால் அழுத்தினாள்.
குழி விழுந்தது,
விரல் எடுத்ததும் எழுந்தது.

ஒரு நொடிகூட இருக்காது.
பதினேழு ஸ்லைடும் சொல்ல வந்தது அதைத்தான்.

"தவணை உண்டா?"
பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள்.
டெல்பினா கொடுக்கவில்லை:
மூடி கனம், ஒற்றைக் கைக்கு அடங்காது.
அதற்கு என்னிடம் பதிலும் இல்லை, படமும் இல்லை.

பிரஜோத் சார் போட்டோ கேட்டார், அனுப்பினேன்.
இப்போது அது பதினெட்டாவது ஸ்லைடு.
வெளிச்சம் கூட்டி, ஓரம் வெட்டி,
மணிக்கட்டோடு நிற்கிறது அஞ்சலாட்சியின் கை.
அருகில் நீலத்தில் ஓர் அம்புக்குறி.

சங்கராவின் முதுகில் குழி
தெளிவாகத் தெரிகிறது.
இன்னும் எழவில்லை.