றம்பொடை ஏற்றத்தில்

கியர்பெட்டி போன வளைவிலேயே
லீக்ஸ் வாசம் இறங்கி நின்றது.
பின் டயருக்கு ஒரு கல்.

"அரை மணித்தியாலம்தான்" என்றார் சார்ஜன் விமலசேன.
"கயிறு கட்டி இழுக்க ஏலாது.
பதிஞ்ச வண்டி மட்டும்."
புதுச் சட்டத்தை மழை படாமல்
தொப்பிக்குள் வைத்திருந்தார்.

கம்பளையிலிருந்து நவ்பரின் இழுவை வண்டி
ஏறி வர இரண்டு மணித்தியாலம்.
அதற்குள் மருதவீரன்
கூலியை லீக்ஸில் கணக்குப் போட்டான்:
பதினேழு மூட்டை.
தண்டம், இன்னும் நாலு.

கொக்கி மாட்டியதும்
முன்சக்கரம் தூக்கிய லொறி
வானத்துக்கு லைட் அடித்தது.

"கொஞ்சம் பொறுங்க நானா."
குதித்தோடி, பனிமூட்டத்துக்குள் குனிந்து
கல்லைத் தூக்கிவந்து
மடியில் வைத்துக்கொண்டான்.

படிவத்தில் கல்லுக்கு இடமில்லை.
நவ்பரும் ஒன்றும் கேட்கவில்லை;
அவர் சீட்டுக்கு அடியிலும்
ஒன்று உருண்டுகொண்டிருந்தது.