முப்பத்து மூன்றாம் நாள்

கமரா அறை என்று பெயர்தான்.
தலவாக்கலை நகரசபையில்
பழைய வரிப் புத்தகங்கள் அடுக்கிய அலுமாரிக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு திரை, நான்.

ஏழு கமரா. ஐந்தில் பெரும்பாலும் மூடுபனி.
ஆறாவது, பஸ் தரிப்பிடம்.
ஏழாவதில் ஒரு சிலந்தி குடியிருக்கிறது.
அதையும் சேமிக்கிறோம்
முப்பது நாளைக்கு.

அதற்குப் பிறகு
பழைய நாளின் மேல் புதிய நாளை
மிசின் தானாகவே எழுதிக்கொள்ளும்.
யாரையும் கேட்காது.

லோகாம்பாள் வந்தது முப்பத்து மூன்றாம் நாள்.
கையில் கண்டி ஆஸ்பத்திரித் துண்டு.
"ஜூன் நாலு, பின்னேரம்.
பொகவந்தலாவ பஸ்ஸுக்கு நின்னவரை
மரக்கறி லொறி ஒண்ணு இடிச்சிட்டுப் போயிருச்சு, மிஸ்.
நம்பர் யாரும் பார்க்கல."

ஏன் இத்தனை நாள் என்று கேட்டுவிட்டேன்.
"அவர் வாய் திறந்ததே முந்தாநாள்தான்.
குடிச்சிட்டு விழுந்தாருன்னு
பொலிஸில எழுதியே முடிச்சிட்டாங்க."

நாலாம் திகதியைத் தட்டினேன். இல்லை.
ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை.
ஏழிலிருந்து இருந்தது:
ஒரு நாய், கவிழ்த்துவைத்த பழக்கூடை,
லொறி எதுவும் நிற்காத ஈரத் தார்.

அவள் ஏசவில்லை.
"தோட்டத்து ஆபீஸில
எங்க மாமனார் வாங்கின கம்பளிக் கடன்கூட
இன்னும் எழுதியிருக்கு, மிஸ்.
அவர் செத்து பதினெட்டு வருசம்."

பிறகு திரையருகே குனிந்தாள்.
"இது இன்னைக்கா?"
காலை ஒன்பது பத்து.
முந்தானையை மழைக்குத் தலையில் இழுத்துவிட்டபடி
அடகுக் கடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது
அவளேதான்.

"ஐயோ, இதை அழிங்க மிஸ்.
மகளோட தோடு. அவளுக்கு இன்னும் சொல்லல."

அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
வைத்திருக்கவும் இல்லை.
மேசையில் கண்டியிலிருந்து வந்த கடிதம்:
காட்சிகளை எத்தனை நாள் வைத்திருப்பது உசிதம்?
வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.
இரண்டு இலக்கம் மட்டும் கொள்ளும் சின்னக் கட்டம்.

தொண்ணூறு என்று எழுதினேன்.
போன வருசம்
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பேரைத்
தன் போனில் ஏற்றினார்.
நுவரெலியா வரை போனார்கள் அவர்கள்,
பஸ் ஏறாமலே.
அந்தப் பிள்ளை கொழும்பிலிருந்து
தீபாவளிக்குக்கூட வரவில்லை.

தொண்ணூறை அடித்தேன்.
கட்டத்துக்குள் இப்போது ஒரு கறுப்புக் கீறல்.
அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணுக்கு
இடம் போதாது.

லோகாம்பாள் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.
ஆறாவது கமராவுக்குக் கீழே நின்று
ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.
முகத்தை மறைக்கவில்லை.

ஆகஸ்ட் ஆறு வரை
பார்த்துக்கொண்டிருப்பாள்.