எழுபத்தாறாம் மூட்டை

எனக்குப் பந்து பிடிக்க வராது.
அதனால் எண்ணச் சொன்னார்கள்.

கவுண்ட்டர் அப்பாவுடையது.
புதுவயல் மில்லில் லாரி ஏறும் மூட்டைகளை
அதை அழுத்தித்தான் கணக்கெடுப்பார்.
கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும்
முலாம் போய்ப் பித்தளை தெரியும்.
சனிக்கிழமை காலை கண்டனூர் தாண்டும்போது
பஸ்ஸில் எடுத்துப் பார்த்தேன்:
இருநூற்றுப் பதினான்கு.
நேற்றிரவு ஏறியவை.
முன் சீட்டில், ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்ட
அடைக்கலம் தூங்கிக்கொண்டு வந்தான்.
காலர் மடிப்பில் தவிடு.
பக்கத்துக் குமிழைத் திருகினேன்.
நான்கு பூஜ்யம்.

விதி எளிது.
ஒருவன் ஒரு நாளில் எழுபத்தைந்து பந்து எறியலாம்.
அறுபதைத் தாண்டினால் நான்கு நாள் கையை அசைக்கக் கூடாது.
தேதி, பெயர், எண்ணிக்கை, ஓய்வு, கையொப்பம்
என்று கட்டம் போட்ட தாள் கொடுத்திருந்தார்கள்.
மூட்டைக்குக் கட்டம் இல்லை.

காரைக்குடியில் செம்மண் சுட்டது.
வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர்
இது என்ன கிரிக்கெட்டைக் கோணலா ஆடுறாங்க என்று கேட்டுவிட்டு
டீக்கடைக்குப் போனார்கள்.

இருபது வரை கேட்சரின் உறையில்
பந்து விழும் சத்தம்தான் கேட்டது.
ஐம்பதுக்கு மேல் அவன் மூச்சு.
அறுபத்தொன்பதில் தோளை ஒருமுறை சுழற்றி
காதோடு உரசிக்கொண்டான்.
மூட்டை இறங்கியதும் செய்வது அது.
நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னால் நாங்கள்.
மூன்றாம் பேஸில் தேவகோட்டைக்காரன்
ஓடுவதற்குக் குனிந்து நிற்கிறான்.
எழுபத்துநான்கு.
பி.டி. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
வாய் திறக்கவில்லை.
கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினார்.

அடைக்கலம் எறிந்தான்.
அழுத்தினேன்.
அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

அப்புறம் எறிய வந்தவன் சோமசுந்தரம்.
நாலாவது பந்தில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை,
அவனைத் தவிர.
எத்தனைடா ஆச்சு?
எழுபத்தஞ்சு.
அவ்வளவுதானா, என்றான்.
தூங்கிப்போனான்.
தாளில் ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன்
நான்கு கட்டத்திலும் ஓய்வு என்று எழுதினேன்.
பி.டி. சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு இரவு திருமயத்துக்கு லாரி.
கவுண்ட்டரை அப்பாவிடம் கொடுத்தபோது
குமிழைத் திருகவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
மறக்கவில்லை.
அவன் எறிந்ததற்கும் யாராவது கூலி கொடுக்கட்டும்,
அவன் முதுகுக்கு அவ்வளவு குறையட்டும்.
அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை.
முதல் மூட்டை
எழுபத்தாறாக ஏறியது.

இருநூற்றுப் பத்தில் கைகாட்டி நிறுத்தினார்.
சீக்கிரம் முடிஞ்சிருச்சே, என்றார் யாரோ.
கூலியைப் பிரித்துக்கொண்டு
சைக்கிளேறிப் போனார்கள்.

எடைமேடைக்குத் தெரிந்துவிட்டது.
ஒன்றரை மணிக்கு லாரி திரும்பி வந்து
ஹாரனைப் பிடித்து அழுத்தியது.
எழுபத்தைந்து மூட்டை குறைச்சல்.
மில் வாசலில் சாக்கு விரித்துத் தூங்கியவன்
அடைக்கலம் ஒருவன்தான்.

சத்தம் கேட்டு நானும் வந்தேன்.
அப்பா கவுண்ட்டரைத் தட்டினார், உதறினார்,
சனியன் பழுதாயிருச்சு என்று மேசையில் எறிந்தார்.
நான் சொல்லவில்லை.
அடைக்கலம் முகம் கழுவிவிட்டு வந்தான்.
வலது தோளைத் தொட்டுப் பார்த்து
துண்டை இடது தோளுக்கு மாற்றினான்.

ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தேன்.
அது அசைந்தது, எழவில்லை.
விலகுடா, என்றான்.
எண்ணு.