எரிச்சலுக்கு வாடகை

அக்டோபர் கடைசி வாரம்.
வஹாக்கா சந்தையின் பின்கட்டில் ஆறு அடுப்பு.
செத்தவர்கள் விருந்துக்கு வரும் நாள் நெருங்குகிறது;
கறுப்பு மிளகாய் மூட்டை மூட்டையாக இறங்குகிறது.

விதையைத் தனியே எடுத்து
கரியாகும்வரை வறுக்க வேண்டும்.
அப்போது எழும் நெடி
நாயைத் தெருமுனைக்கு விரட்டும்.
எஸ்தெபான் இருமுவான்.
நான் எலுமிச்சைத் துண்டை மூக்கில் அழுத்தி
வெட்கமில்லாமல் அழுவேன்.
தோமிதிலா மட்டும்
குளத்தில் நிற்கும் எருமைபோல்
புகைக்குள் நிற்பாள்.

இரும்புக் கண் என்று பெயர் வைத்தோம்.
அவளும் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டு
கூலியில் பத்து பெசோ கூட்டிக் கேட்டாள்.
கிடைத்தது.

பதினேழு வருடச் சர்க்கரை அவளுக்கு.
ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல்
ஒற்றைக் காலோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.
நாள் முழுக்கச் சிரித்தோம்.
கால் சொன்னதைத்தான்
கண்ணும் சொல்லிக்கொண்டிருந்தது என்று
யாருக்குத் தோன்றும்?

ஒரு மிளகாய்த் தோல். நகத்துணுக்கு அளவு.
மேலிமைக்குள் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் கிடந்தது.
வலிக்கவில்லை.
கண்ணாடிதான் அழுக்கு என்று
துடைத்தாள், துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.
நான்காம் நாள் சில்லறை எண்ணும்போது
ஒவ்வொரு காசைச் சுற்றியும் பனி என்றாள்.

டாக்டர் வியானேய் பஞ்சைத் திரித்து
நூலாக்கிக் கருவிழியைத் தொட்டாள்.
பக்கத்தில் நின்ற எனக்கு இமை துடித்தது.
தோமிதிலா கேட்டாள்:
"எப்போது தொடப் போகிறீர்கள்?"

பிறகு திரையில் இரண்டு படம்.
முதலாவது யாரோ ஒருவரின் நல்ல கண்:
வெள்ளை இழைகள்
உச்சந்தலைச் சுழிபோல்
வளைந்து வளைந்து ஒரு புள்ளியில் கூடுகின்றன.
அடுத்தது இவளுடையது.
சாம்பல் வெளி.
அறுந்த நூல் இரண்டு.
அதில் ஒன்று, எதற்கு வந்தோம் என்று மறந்து
பாதியில் நின்றுவிட்டதுபோல.

கருவிழிக்குள் இரத்தம் ஓடாதாம்.
ஒளிக்கு வழிவிட அது இரத்தத்தை
வேண்டாமென்று விட்டுவிட்டதாம்.
அங்கே நரம்புதான் காவல்;
நரம்புதான் பாதிச் சோறும்.
சர்க்கரை அதை வருடக்கணக்கில் அரித்திருக்கிறது.
காவல் போனதோடு சோறும் போய்
மேல்தோல் அடியில் பிடிப்பில்லாமல்
மழை கண்ட சுவரொட்டியாக உரிகிறது.
உரிந்த இடம் மூட மாட்டேன் என்கிறது.

"அப்படியென்றால் நான் தைரியசாலி இல்லையா?"
என்றாள் தோமிதிலா.
நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.
அப்போது அழுதாள்.
மிளகாய்க்கு வராத தண்ணீர்
இதற்கு வந்தது.
அது வேறு மடை போலும்.
டாக்டர் துடைக்கவில்லை. வரட்டும் என்றாள்.

அவள் இரத்தத்தையே எடுத்து
சிவப்பை நீக்கிச் சொட்டு மருந்தாக்கினார்கள்.
வீட்டுக் குளிர்பெட்டியில்
தக்காளிக்குப் பக்கத்தில் அது இருந்தது.
ஒன்பது வாரம்.
புண் மூடியது.
நகக்குறிபோல் ஒரு வெண்மை மிச்சம்.
நரம்பு திரும்புமா என்றதற்கு
டாக்டர் தோளைக் குலுக்கினாள்.

தோமிதிலா அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.
வேறென்ன செய்வாள்?
காப்புக் கண்ணாடி போட்டால் ஆவி படிந்து
விதை கருகுவது தெரிவதில்லை என்கிறாள்.
அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.
அந்தப் பத்து பெசோ இப்போது எனக்கு.
காற்று திரும்பும்போது நான் கத்த வேண்டும்:
"எரியுது!"
மிளகாய் விலையில் என் பேச்சை
ஒருநாளும் நம்பாதவள்
சட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறாள்.
சாயங்காலம் போன் வெளிச்சத்தில்
இமையைப் புரட்டிப் பார்க்கிறேன்.

நேற்றுப் புகை வந்தது.
எஸ்தெபான் இருமினான். இருமி முடித்தான்.
அதன் பிறகுதான்
எனக்கு எரிந்தது.

மதியத்துக்கு வாங்கி வைத்திருந்த
குளிர்பானப் புட்டியை
மூடி திறக்காமல்
கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.