பேரன்ட்ஸ் கடலில் ஓர் உருளைக்கிழங்கு

முதல் பிப் துணியில் வந்தது,
ஓரமெல்லாம் பஃபின் பறவைகள்.
கேரட் கூழ் ஒருமுறை ஊறியதோடு சரி,
பறவைகளுக்கு மஞ்சள் காமாலை.
வெயிலில் போடு, போய்விடும் என்றாள்
ஆலையில் என் பக்கத்தில் கத்தி பிடிக்கும்
போலந்துக்காரி யூஸ்டினா.
வெயிலுக்கு எங்கே போவது?
எங்கள் பியோர்டில் அது மலையைத் தாண்டி எட்டிப் பார்க்க
ஜனவரி கடைசி ஆகும்.

இரண்டாவது, வெல்க்ரோ வைத்தது.
சர்ரென்று பிய்கிற அந்தச் சத்தம்
சுன்னெவாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.
நான் ஒட்ட, அவள் பிய்க்க,
நான் ஒட்ட, அவள் பிய்க்க,
ஸ்கீர் தயிர் கிண்ணத்திலேயே காய்ந்தது.

மூன்றாவது சிலிக்கான். கீழே ஒரு தொட்டி.
விழுவதையெல்லாம் ஏந்திக்கொள்ளும் என்றார்கள் கடையில்.
ஏந்தத்தான் செய்தது.
தட்டில் இருந்ததை விட்டுவிட்டு
என் மகள் தொட்டியிலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்,
இரண்டாம் பந்தி மாதிரி.

மேசையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் கிண்ணமும் வாங்கினேன்.
அடியில் ஒரு சின்னக் காது,
பெரியவர்கள் இழுத்து விடுவிக்க.
அது அங்கே இருப்பது எனக்குத் தெரிய ஒரு வாரம்.
அவளுக்கு இரண்டு நாள்.

பகலெல்லாம் கணுக்கால் வரை ரப்பர் ஏப்ரன் எனக்கு,
முழங்கை தாண்டி உறை.
செதிலும் குடலும் தண்ணீரோடு ஓட
ஆலையின் தரையையே ஒரு பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள்.
ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தால்
பத்தே நிமிஷம், பளிச்.
இந்த வீட்டைக் கட்டியவனுக்கு அந்தப் புத்தி இல்லை.
சமையலறையில் மரத்தரை,
பலகைக்குப் பலகை இடுக்கு,
இடுக்குக்கு இடுக்கு பட்டாணி.

ஒரு ராத்திரி தாங்காமல்
குளியலறைத் திரையைக் கழற்றி
அவள் நாற்காலிக்கு அடியில் விரித்தேன்.
உலக வரைபடம் அச்சிட்ட திரை,
ஹ்ரெப்னா வாங்கியது.
சோப்பு போட்டபடி ஊர்ப் பெயர் படிப்பாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
மூன்று வேளையும் பூகோளம்.
பிரேசிலில் ஓட்ஸ் கஞ்சி.
ஆஸ்திரேலியா முழுக்க ஈரல் சாசேஜ்.
பூசணி விழுந்து கிரீன்லாந்து
ஒருவழியாக வெயில் கண்டது.
ஐஸ்லாந்தை மட்டும் நாற்காலிக் கால் மறைத்திருந்ததால்
என்ன எறிந்தாலும் நாங்கள் தப்பித்தோம்.

நேற்று மீனும் உருளைக்கிழங்கும் மசித்து
வெண்ணெய் போட்டிருந்தேன்.
இது நான்காவது பிப், முழுக்கை வைத்தது.
மாட்டியதும் அப்படியே யூஸ்டினா,
அதே முறைப்பு.

ஒரு பிடி எடுத்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.
வேண்டாம் என்று சொல்ல
அப்போது நிறையவே நேரம் இருக்கும்.
சொல்லித்தான் பயனில்லை.

சொத்.

ஈரத்துணியோடு குனிந்தேன்.
நார்வேக்கு மேலே, கொஞ்சம் வலப்புறம்,
பேரன்ட்ஸ் கடலில்
ஆவி பறக்க ஒரு கட்டி.
அங்கேதான் இருக்கிறாள் ஹ்ரெப்னா,
இருபத்தாறு நாளாக,
இழுவைக் கப்பலின் இயந்திர அறையில்,
காதில் அடைப்பான், நகக்கண்ணில் எண்ணெய்.
கப்பல் சாய்ந்தால் சாப்பாட்டுத் தட்டும் ஓடுமாம்.
அடியில் ஈரத்துணி விரித்துவிட்டால்
அசையாதாம்.
போன தடவை வந்தபோது சொன்னாள்.
ம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கையிலிருந்த துணியைப் பார்த்தேன்.
தரையைத் துடைக்கவில்லை.
எழுந்து, பிழிந்து, நாலாக மடித்து,
சாதாரணப் பீங்கான் கிண்ணம் ஒன்றை
அதன் மேல் வைத்தேன்.

சுன்னெவா தள்ளினாள். நகரவில்லை.
இரண்டு கையாலும் தள்ளினாள்.
இல்லாத காதை அடியில் தேடினாள்.
அப்புறம் கொஞ்சம் யோசித்து,
கைகளை மடியில் வைத்துக்கொண்டு,
முகத்தை அப்படியே கிண்ணத்துக்குள் இறக்கினாள்.

புருவத்துக்கு இன்னும் யாரும் பிப் தைக்கவில்லை.

கடலில் கிடந்ததை எடுக்க
வேறு துணி கைக்கு எட்டவில்லை.
விரலால் வழித்து நானே தின்றேன்.
உப்பு போதவில்லை.